செயற்கை நுண்ணறிவு நிரல்திருத்திகளை மதிப்பிடும் முறை: தமிழ்ப் பனுவல் நிரலாக்கத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மென்பொருள் உருவாக்குநர்களுக்கென உருவான செயற்கை நுண்ணறிவு நிரல்திருத்திகள் இன்று தமிழாய்வாளர்களின் பயன்பாட்டுக்கும் வந்துள்ளன. சொல்லடைவு, எழுத்தெண்ணிக்கை, தொடை ஆய்வு போன்ற பணிகளுக்கு வேண்டிய நிரல்களை அவை சில நொடிகளில் எழுதித் தருகின்றன. அந்நிரல்கள் தடையின்றி இயங்குவதாலேயே அவை தரும் விடைகள் சரியானவை என்று கொள்ள இயலாது. நிரல்திருத்திகளை மதிப்பிடுவதற்கு இதுவரை பின்பற்றப்பட்டு வரும் முறைகளைச் சுருக்கமாக எடுத்துரைக்கும் இக்கட்டுரை, அம்முறைகள் தமிழ்ப் பனுவல் சார்ந்த பணிகளுக்கு ஏன் போதாமல் போகின்றன என்பதை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது. தமிழ் எழுத்திலக்கணத்தின் அடிப்படையில் முன்கூட்டியே விடை வகுக்கப்பட்ட ஐந்து சோதனைகளையும், அவற்றை நடத்தும் நடைமுறையையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: செயற்கை நுண்ணறிவு, நிரல்திருத்தி, ஒருங்குறி, எழுத்தெண்ணிக்கை, அகரவரிசை, எதுகை, கட்டளைக்கலித்துறை, மென்பொருள் சோதனை.

முன்னுரை

'நெஞ்சம்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன? தமிழ் கற்ற எவரும் நெ, ஞ், ச, ம் என நான்கு என்பர். யாப்பு நோக்கில் ஒற்று நீக்கி எண்ணுவோர் நெ, ச என இரண்டு என்பர். பைத்தான் நிரல்மொழியில் ஒரு சரத்தின் நீளத்தை அளக்கும் 'லென்' என்னும் செயற்கூறு ஏழு என்று விடை தரும். இம்மூன்று விடைகளும் அவற்றுக்குரிய வினாவுக்குச் சரியானவையே. எந்த வினாவுக்கு எந்த விடை என்பதை அறியாமல் நிரல் எழுதப்படும்போதுதான் பிழை நேர்கிறது.

நிரலைத் தாமே எழுதிய ஆய்வாளர், எழுதும் போக்கிலேயே இச்சிக்கலைச் சந்தித்துத் தெளிவு பெற வாய்ப்பிருந்தது. நிரல்திருத்தி முழு நிரலையும் எழுதித் தரும் நிலையில் அந்த வாய்ப்பு குறைகிறது. நிரல் இயங்குகிறது, அட்டவணை உருவாகிறது, எண்கள் ஆய்வேட்டில் இடம்பெறுகின்றன. தவறான எண்ணும் சரியான எண்ணைப் போலவே தோன்றுவதால் வழிகாட்டியோ தேர்வாளரோ அதை ஐயுற இடமில்லை. ஆகவே, இக்கருவிகளைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்னும் வினாவைவிட, அவை தருவதை எவ்வாறு சரிபார்ப்பது என்னும் வினாவே முதன்மையானது. அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நிரல்திருத்தியும் அதன் செயல்முறையும்

நிரல்திருத்தி என்பது நிரலை எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருள். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட விஷுவல் ஸ்டுடியோ கோட் இவ்வகையில் மிகப் பரவலாகப் பயன்படுவது. கிட்ஹப் கோபைலட் 2021 ஜூனில் முன்னோட்டமாக அறிமுகமாகி, 2022 ஜூனில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் விஷுவல் ஸ்டுடியோ கோடின் திறந்த மூலத்தை அடியாகக் கொண்டு, செயற்கை நுண்ணறிவை மையமாக வைத்து உருவாக்கப்பட்ட கர்சர், விண்ட்சர்ஃப் போன்ற தனித் திருத்திகளும் வெளிவந்தன.

இவற்றின் பணிகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, தொடர்நிரப்பல்: எழுதுபவர் ஒரு வரியைத் தொடங்கியதும் எஞ்சிய வரிகளை முன்மொழிதல். இரண்டாவது, உரையாடல்: இயல்பான மொழியில் கேட்கும் வினாவுக்கு விளக்கமும் நிரலும் தருதல். மூன்றாவது, முகவர் நிலை: கோப்புகளைத் தானே படித்து, திருத்தி, கட்டளைகளை இயக்கி, பிழை வந்தால் மீண்டும் திருத்துதல். மூன்றுக்கும் அடிப்படையாக அமைவது பெருமொழி மாதிரி. பேரளவிலான நிரல்களிலும் உரைகளிலும் பயிற்றுவிக்கப்பட்ட அம்மாதிரி, முன்னுள்ள பகுதிக்கு அடுத்து வரக்கூடிய துண்டு எது என்பதைக் கணித்து எழுதிச் செல்கிறது.

இச்செயல்முறையிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. ஒன்று, பயிற்சித் தரவில் மிகுதியாகக் காணப்படும் வழக்கமே முதலில் முன்மொழியப்படும் வாய்ப்பு அதிகம். பொதுவெளியில் உள்ள நிரல்களிற் பெரும்பாலானவை ஆங்கில உரையைக் கருதி எழுதப்பட்டவை. மற்றொன்று, கணிப்பு நிகழ்தகவு சார்ந்தது என்பதால் ஒரே வேண்டுகோளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே விடை வருவதில்லை. ஒருமுறை சரியாக வந்ததைக் கொண்டு கருவி சரியானது என்றோ, ஒருமுறை பிழைத்ததைக் கொண்டு பயனற்றது என்றோ முடிவு செய்தல் பொருந்தாது.

2. இதுவரையிலான மதிப்பீட்டு முறைகள்

நிரல் எழுதும் மாதிரிகளை மதிப்பிடும் முயற்சிகள் மூன்று திசைகளில் நடந்துள்ளன.

2.1 விடைச் சரிமை. ஓப்பன்ஏஐ நிறுவனத்தினர் 2021இல் வெளியிட்ட 'ஹியூமன்இவால்' என்னும் தொகுதியில் கையால் எழுதப்பட்ட 164 பைத்தான் கணக்குகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் சோதனைகள் உண்டு. மாதிரி எழுதிய நிரல் தோற்றத்தில் எவ்வாறிருப்பினும், சோதனைகளில் தேறுகிறதா என்பதே அளவுகோல். பலமுறை எழுதச் செய்து, அவற்றுள் ஒன்றேனும் தேறும் நிகழ்தகவைக் கணிக்கும் முறையும் அதில் வகுக்கப்பட்டது. தனிக்கணக்குகள் உண்மைப் பணிச்சூழலைக் காட்டவில்லை என்னும் குறையைப் போக்க, 2023இல் 'எஸ்டபிள்யூஇ-பெஞ்ச்' உருவானது. 12 திறந்தமூலப் பைத்தான் திட்டங்களில் உண்மையாகப் பதிவான 2,294 சிக்கல்களைக் கொண்டது அது. அவற்றிலிருந்து மனிதர்களால் சரிபார்த்துத் தேர்ந்த 500 சிக்கல்கள் 2024இல் தனித் தொகுதியாக வெளியிடப்பட்டன.

2.2 விரைவு. கிட்ஹப் கோபைலட் குறித்து 2023இல் வெளியான கட்டுப்படுத்தப்பட்ட சோதனை ஒன்றில் 95 உருவாக்குநர்கள் பங்கேற்றனர். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு வலைச் சேவையகத்தை எழுதும் பணியைக் கருவியுடன் செய்தோர், கருவியின்றிச் செய்தோரைவிட 55.8 விழுக்காடு விரைவாக முடித்தனர். 2025 ஜூலையில் மெட்டர் என்னும் ஆய்வமைப்பு வெளியிட்ட முடிவு இதற்கு மாறானது. அதில் பட்டறிவு மிக்க 16 திறந்தமூல உருவாக்குநர்கள், தமக்கு நன்கு பழகிய திட்டங்களில் 246 பணிகளைச் செய்தனர். கருவியைப் பயன்படுத்த இசைவளிக்கப்பட்ட பணிகளுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. பணி தொடங்குமுன் 24 விழுக்காடு நேரம் குறையும் என எதிர்பார்த்த அவர்கள், முடித்த பின்னரும் 20 விழுக்காடு குறைந்ததாகவே நம்பினர்.

இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பனவாகக் கொள்ள வேண்டியதில்லை. முன்னது புதிதாகத் தொடங்கி எழுதும் சிறுபணி. பின்னது பல்லாண்டுகள் வளர்ந்த பெருந்திட்டத்துள் செய்யும் திருத்தம். ஆயினும் இரண்டாம் ஆய்வு உணர்த்தும் உண்மை நம் பொருளுக்கு இன்றியமையாதது: பயனரின் மனநிறைவு அளவுகோலாகாது. கருவி உதவியது என்னும் உணர்வும் உண்மையில் உதவியதா என்னும் செய்தியும் வேறுவேறு.

2.3 பாதுகாப்பு. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் கோபைலட்டுக்கு 89 சூழல்களைக் கொடுத்து 1,689 நிரல்களைப் பெற்று ஆராய்ந்தனர். அவற்றில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் பாதுகாப்புக் குறைகள் காணப்பட்டன. இயங்கும் நிரல் பிழையற்ற நிரலாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

மேற்கண்ட முறைகளுள் முதலாவதே நமக்கு வழிகாட்டுவது. சரியான விடையை முன்பே வகுத்து வைத்துக்கொண்டு நிரலை அதனோடு ஒப்பிடுதல் என்பதே அதன் சாரம். ஆனால், அத்தொகுதிகளின் கணக்குகள் ஆங்கிலத்தில் அமைந்தவை. தமிழ் எழுத்தமைப்பை அவை சோதிப்பதில்லை. அவற்றில் உயர் மதிப்பெண் பெற்ற கருவி, தமிழ்ச் சொல்லில் எழுத்தை எண்ணுவதில் பிழைக்காது என்பதற்கு அம்மதிப்பெண் உறுதியளிப்பதில்லை.

3. தமிழ் எழுத்தும் ஒருங்குறிக் குறியிடமும்

தமிழ் நெடுங்கணக்கில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான 128 குறியிடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றில் உயிர்களும் ஆய்தமும் தனித்தனிக் குறியிடம் பெறுகின்றன. 'க' முதலிய அகரமேறிய மெய்களுக்குத் தனிக் குறியிடங்கள் உண்டு. ஏனைய உயிர்மெய்களும் புள்ளிபெற்ற மெய்களும் அகரமேறிய வடிவத்தோடு உயிர்க்குறியோ புள்ளியோ சேர்த்து உருவாக்கப்படுகின்றன. 'கி' என்பது 'க'வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியிடங்கள். 'க்' என்பது 'க'வும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறியிடங்கள்.

இலக்கணம் மெய்யை அடிப்படையாகக் கொண்டு, அதனோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறப்பதாகக் கூறுகிறது. ஒருங்குறி அகரமேறிய வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு, அதிலிருந்து அகரத்தை நீக்க ஒரு குறியைச் சேர்க்கிறது. இந்தத் தலைகீழ் அமைப்பே பின்வரும் சிக்கல்களுக்குப் பெரிதும் காரணம். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ் 16 குறியாக்கத்தையும் ஒருங்குறியையும் தமிழ்நாடு அரசு 2010இல் தரங்களாக ஏற்றது. எனினும், இணையத்திலும் கைப்பேசியிலும் நிரல்மொழிகளிலும் நிலைபெற்றது ஒருங்குறியே. ஆகவே, அதன் அமைப்பை அறிந்தே நிரல் எழுதப்பட வேண்டும்.

4. ஐந்து சோதனைகள்

கீழ்வரும் சோதனைகள் ஒவ்வொன்றிலும் முதலில் பணியும், அடுத்து வழக்கமான நிரல் தரும் விடையும், பின்னர் சரியான விடையும் குறிக்கப்படுகின்றன. வழக்கமான நிரல் என்பது ஆங்கிலத்திற்குப் பொருந்தும் எளிய பைத்தான் நிரலைக் குறிக்கும். அதன் விடைகளை எவரும் தம் கணினியில் இயக்கிச் சரிபார்க்கலாம்.

4.1 எழுத்தெண்ணிக்கை

'தமிழ்' என்னும் சொல்லுக்கு 'லென்' தரும் விடை 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என அது குறியிடங்களை எண்ணுகிறது. எழுத்துகள் த, மி, ழ் என மூன்று. ஒற்று நீக்கினால் இரண்டு.

பயனருக்கு ஓர் எழுத்தாகத் தோன்றும் தொகுதிகளைப் பிரித்தெடுக்கும் வசதி பைத்தானின் 'ரெஜெக்ஸ்' என்னும் கூடுதல் நிரலகத்தில் உண்டு. 'ஓப்பன்-தமிழ்' என்னும் திறந்தமூல நிரலகத்தில் தமிழ்ச் சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும் செயற்கூறு உண்டு. நிரல்திருத்தி இவற்றுள் ஒன்றைத் தானாகப் பயன்படுத்துகிறதா, சுட்டிக்காட்டிய பின் பயன்படுத்துகிறதா, சுட்டியும் பழைய வழிக்கே திரும்புகிறதா என்பது முதற்சோதனை.

இதில் இரண்டு நுட்பங்களைச் சேர்த்தல் வேண்டும். 'அஃது' என்பதில் எழுத்துகள் மூன்று. யாப்பில் ஆய்தமும் ஒற்றாகவே கொள்ளப்படுவதால் ஒற்று நீக்கிய எண்ணிக்கை இரண்டு. புள்ளியுள்ள எழுத்துகளை மட்டும் நீக்கும் நிரல் மூன்று என்று பிழையாகச் சொல்லும். 'க்ஷ' என்பது திரையில் ஒரே வடிவமாகத் தோன்றினும் க, புள்ளி, ஷ என மூன்று குறியிடங்களால் ஆனது. அதனை ஓரெழுத்தாகக் கொள்வதா, ஈரெழுத்தாகக் கொள்வதா என்பதை ஆய்வாளரே முடிவு செய்து நிரல்திருத்திக்கு அறிவிக்க வேண்டும்.

4.2 சொற்பிரிப்பு

ஒரு பனுவலைச் சொற்களாகப் பிரிக்கப் பெரும்பாலும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் சுருங்குறித்தொடரே பயன்படுகிறது. பைத்தானுடன் இணைந்து வரும் நிரலகத்தில் 'சொல்லுக்குரிய எழுத்து' என்பதைக் குறிக்கும் குறியீடு, தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. அதனால் 'தமிழ்' என்னும் சொல் 'தம', 'ழ' என இரண்டு துண்டுகளாகச் சிதறும். 'பெண்' என்பது 'ப', 'ண' என்றாகும்.

இச்சிதைவு கண்ணுக்குத் தெரியக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத சிதைவு இதைவிடத் தீங்கானது. 'பல்' என்னும் பெயர்ச்சொல் ஈற்றுப் புள்ளியை இழந்து 'பல' என்றாகிறது. அது பன்மையைக் குறிக்கும் வேறொரு சொல். சொல்லடைவில் இவ்விரண்டின் எண்ணிக்கையும் ஒன்றாகக் கலந்துவிடும். பட்டியலைப் பார்ப்பவருக்கு ஐயம் எழாது. உரைப் பகுப்பாய்வில் பரவலாகப் பயன்படும் சைக்கிட்-லேர்ன் நிரலகத்தின் 'கவுண்ட்வெக்டரைசர்' என்னும் கருவியும் இயல்பு நிலையில் இதே விதியைப் பின்பற்றுகிறது. மேலும், ஈரெழுத்துக்குக் குறைந்த துண்டுகளை அது விட்டுவிடுவதால் 'தமிழ்' என்பதில் 'தம' மட்டுமே எஞ்சும்.

ஐரோப்பிய மொழிகளின் ஒலிக்குறிகளை நீக்குவதற்கென எழுதப்படும் தூய்மையாக்க நிரல்களும் இத்தகையவை. இடம் கொள்ளா ஒட்டுக்குறிகள் என ஒருங்குறி வகைப்படுத்தியுள்ள அனைத்தையும் அவை நீக்கினால், தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் அழிந்து 'மீன்' என்பது 'மன' என்றாகும்.

4.3 அகரவரிசை

பைத்தானின் இயல்பான வரிசைப்படுத்தல் குறியிட எண்ணைப் பின்பற்றுகிறது. ஒருங்குறியில் ன (2985) என்பது ய (2991) என்பதற்கு முன்னும், ற (2993) என்பது ல (2994) என்பதற்கு முன்னும் அமைந்துள்ளன. நெடுங்கணக்கிலோ ற, ன ஆகியவை மெய்களின் இறுதியில் நிற்பவை. ஆகவே வழக்கமான நிரல் 'பன்றி'யை முதலிலும் 'பயிர்' என்பதை அடுத்தும் வைக்கும். 'மறம்' முதலிலும் 'மலர்' அடுத்தும் வரும். அகராதி முறைப்படி பயிர், பன்றி என்றும் மலர், மறம் என்றும் வருதல் வேண்டும். கிரந்த எழுத்தாகிய 'ஜ' ஒருங்குறியில் ச, ஞ ஆகியவற்றுக்கு இடையே அமைந்திருப்பதும் இங்கே கருதத்தக்கது. தமிழ் வரிசைமுறைக்குரிய விதிகள் ஐசியூ என்னும் பன்னாட்டு நிரலகத்தில் உள்ளன. நிரல்திருத்தி அதனை அறிந்து பயன்படுத்துகிறதா என்பது இங்குச் சோதிக்கத்தக்கது.

4.4 ஒருவடிவப் பல்குறி

'கொ' என்பதை இரண்டு வகையாகச் சேமிக்கலாம். 'க'வுடன் ஒகரக் குறியை ஒரே குறியிடமாகச் சேர்த்தல் ஒன்று. எகரக் குறி, கால் என இரண்டு குறியிடங்களாகச் சேர்த்தல் மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வேறு. இயல்பாக்கம் செய்யாத நிரல் ஒன்றைத் தேடும்போது மற்றொன்றைக் காணாது. ஒருங்குறி வகுத்துள்ள இயல்பாக்க விதி இவ்விரண்டையும் ஒன்றாக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் அது தீர்ப்பதில்லை. 'ஔவை' என்னும் பெயரை ஔகாரத்துக்குரிய ஒரே குறியிடத்தால் எழுதலாம். 'ஒ'வும் ஔகார நீட்டற்குறியும் சேர்த்தும் எழுதலாம். இவ்விரண்டும் இயல்பாக்கத்தால் ஒன்றாகும். பலர் 'ஒ'வை அடுத்து ளகரத்தைத் தட்டச்சு செய்து 'ஒளவை' என எழுதுவதும் உண்டு. ளகரம் தனி எழுத்தாதலின் இயல்பாக்க விதி அதனைத் தொடாது. மின்னூல்களிலிருந்து சொல்லடைவு உருவாக்குவோர் இதற்குத் தனித் திருத்தப் பட்டியல் ஒன்றை வகுக்க வேண்டும். அப்போதும் 'ஒளி' முதலிய சொற்களை அத்திருத்தம் கெடுக்காதவாறு பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். நிரல்திருத்தி எழுதும் திருத்தம் 'ஒளவை'யைச் சரிசெய்யும் வேகத்தில் 'ஒளி'யை 'ஔி' எனச் சிதைக்கிறதா என்பது நல்ல சோதனை.

4.5 தொடையும் அடியளவும்

அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை. 'ஆடல்', 'பாடல்' என்பவற்றில் டகரம் ஒன்றிவருகிறது. சரத்தின் இரண்டாம் உறுப்பை எடுக்கும் வழக்கமான நிரல் 'ஆடல்' என்பதில் 'ட'வையும், 'பாடல்' என்பதில் காலையும் எடுத்து, எதுகை இல்லை என்று முடிவு கூறும். எழுத்துகளாகப் பிரித்த பின் இரண்டாவதை எடுத்தாலன்றி விடை சரியாகாது. இத்தகைய நிரலைக் கொண்டு ஒரு நூலின் எதுகை விழுக்காட்டைக் கணித்தால், அந்நூலின் யாப்பு குறித்த முடிவே பிறழ்ந்துவிடும்.

தமிழ் யாப்பிலக்கணம் நமக்கு ஆயத்தமான சோதனைக் களம் ஒன்றையும் தந்துள்ளது. கட்டளைக்கலித்துறையின் அடி நேரசையில் தொடங்கின் ஒற்று நீக்கி 16 எழுத்துகளும், நிரையசையில் தொடங்கின் 17 எழுத்துகளும் பெறும். அபிராமி அந்தாதி இப்பாவினத்தால் அமைந்த நூல். அதன் அடிகளை நிரலுக்குக் கொடுத்தால் 16 அல்லது 17 என்னும் விடையே வருதல் வேண்டும். வேறு எண் வந்தால் நிரலையும் பனுவலையும் சரிபார்க்க வேண்டும். சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்புகளில் எண்ணிக்கை மாறுவதுண்டு. 'வீடெங்கே' என்பதில் ஒற்று நீக்கி மூன்று எழுத்துகள். 'வீடு எங்கே' எனப் பிரித்தால் உகரம் மீண்டு நான்காகும். இத்தகைய இடங்களில் பிழை நிரலினுடையது அன்று. நிரல்திருத்தி இதனை வேறுபடுத்தி அறியாது. யாப்பறிந்தவரே அறிய முடியும்.

5. மதிப்பீட்டு நடைமுறை

மேற்கண்ட சோதனைகளை நடத்துவதற்குப் பின்வரும் ஒழுங்கு பரிந்துரைக்கப்படுகிறது.

முதலாவதாக, நிரல்திருத்தியைத் திறப்பதற்கு முன்பே விடைகளைக் கையால் எழுதி வைத்தல் வேண்டும். ஒவ்வொரு பணிக்கும் இருபது முப்பது சொற்கள் போதும். அவற்றில் ஆய்தம், கிரந்தம், ஔகாரம், ஈருறுப்பு உயிர்க்குறிகள், ஓரெழுத்தொருமொழி ஆகியவை கட்டாயம் இடம்பெற வேண்டும். நிரல் தந்த விடையைப் பார்த்த பின் சோதனை வகுத்தால், அவ்விடையே சரியெனத் தோன்றும் மயக்கம் ஏற்படும்.

இரண்டாவதாக, ஒரே பணியை மூன்று வகையாகக் கேட்டல் வேண்டும். இலக்கண விளக்கமின்றிக் கேட்பது முதல் வகை. 'ஒற்று நீக்கி' என்பதுபோல் வரையறையுடன் கேட்பது இரண்டாம் வகை. சோதனைகளையும் உடன் கொடுத்துக் கேட்பது மூன்றாம் வகை. மூன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கேட்டு ஒப்பிடலாம். கருவி தானே அறிந்தது எவ்வளவு, நாம் கற்பித்தது எவ்வளவு என்பது இவ்வொப்பீட்டால் புலப்படும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு வேண்டுகோளையும் புதிய உரையாடலில் பலமுறை திரும்பக் கேட்டு, எத்தனை முறை தேறியது என்பதைப் பதிவு செய்தல் வேண்டும். நிரல்திருத்தியின் பதிப்பு, அது பயன்படுத்திய மாதிரியின் பெயர், நாள், வேண்டுகோளின் சொற்கள் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். இம்மாதிரிகள் குறுகிய காலத்தில் மாறுவதால், இக்குறிப்புகள் இல்லாத மதிப்பீட்டைப் பிறர் மீளச் செய்து பார்க்க இயலாது. இக்கட்டுரை எந்தத் திருத்திக்கும் மதிப்பெண் வழங்காமைக்கும் இதுவே காரணம். மதிப்பெண் பழையதாகும், சோதனை பழையதாகாது.

நான்காவதாக, நேரத்தைக் கடிகாரத்தால் அளத்தல் வேண்டும். வேண்டுகோள் எழுதிய நேரம், நிரலைப் படித்த நேரம், திருத்திய நேரம் ஆகிய யாவும் கணக்கில் சேரும். முன்னர்க் கண்ட 2025ஆம் ஆண்டு ஆய்வின் படிப்பினை இது.

ஐந்தாவதாக, முகவர் நிலையில் பயன்படுத்தும்போது சோதனைக் கோப்பைத் திருத்தியின் கைக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும். சோதனையில் தேறுமாறு நிரலைத் திருத்து என்று கட்டளையிடும்போது, நிரலைத் திருத்தாமல் சோதனையையே மாற்றுவதும், சோதனையில் உள்ள சொற்களுக்கு மட்டும் விடையைப் பதித்து வைப்பதும் இக்கருவிகளிடம் காணப்படும் குறைகள். அதனால் திருத்திக்குக் காட்டாத சொற்பட்டியல் ஒன்றைத் தனியே வைத்திருந்து இறுதியில் சோதித்தல் நலம்.

6. கருதத்தக்க பிற கூறுகள்

பெருமொழி மாதிரி உரையைத் துண்டுகளாக்கியே கையாளுகிறது. பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியிடம் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொள்ளும்; ஆங்கில எழுத்து ஒரு பைட்டு மட்டுமே. பைட்டு அடிப்படையில் துண்டாக்கும் மாதிரிகளில் தமிழ் உரை பொதுவாகக் கூடுதல் துண்டுகளாகிறது. ஆகவே, ஒரே அளவு நினைவு எல்லைக்குள் தமிழ்ப் பனுவல் குறைவாகவே அடங்கும். முழு நூலையும் உரையாடலில் ஒட்டி 'எண்ணிச் சொல்' எனக் கேட்பது இதனாலும் பொருந்தாத வழி. எண்ணும் நிரலை எழுதச் செய்து, அந்நிரலைத் தம் கணினியில் இயக்குவதே முறை.

இல்லாத நிரலகத்தின் பெயரை உண்மைபோல் எழுதித் தருவதும் இம்மாதிரிகளின் அறியப்பட்ட குறை. தமிழுக்கான நிரலகங்கள் எண்ணிக்கையில் குறைந்தவை என்பதால், பரிந்துரைக்கப்படும் ஒவ்வொரு பெயரும் உண்மையில் உள்ளதா என்பதை நிறுவுமுன் சரிபார்த்தல் வேண்டும். அத்தகைய பெயரில் தீங்கு செய்யும் நிரலைப் பிறர் பதிவேற்றி வைக்கவும் வாய்ப்புண்டு.

மேலும், இத்திருத்திகளிற் பெரும்பாலானவை திறந்துள்ள கோப்பின் பகுதிகளை நிறுவனச் சேவையகத்துக்கு அனுப்பியே விடை பெறுகின்றன. இன்னும் பதிப்பிக்கப்படாத சுவடிப் படிகளும் களஆய்வில் திரட்டிய வாய்மொழிப் பதிவுகளும் உள்ள கோப்புறையை அப்படியே திறத்தல் தகாது. மாதிரிச் சொற்களை மட்டும் கொண்ட தனிக் கோப்புறையில் நிரலை உருவாக்கி, சரிபார்த்த பின் மூலத் தரவின்மீது தனியே இயக்குதல் பாதுகாப்பானது.

முடிவுரை

இக்கட்டுரையில் கண்டறிந்தவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

* நிரல்திருத்தியின் விரைவும் பயனரின் மனநிறைவும் சரிமைக்குச் சான்றாகா. முன்கூட்டியே வகுத்த விடைகளோடு ஒப்பிடுவதே ஏற்கத்தக்க மதிப்பீடு.

* உலகளவில் வழங்கும் சோதனைத் தொகுதிகள் தமிழ் எழுத்தமைப்பைச் சோதிப்பதில்லை. அவற்றின் மதிப்பெண்களைத் தமிழ்ப் பனுவல் பணிக்கு அப்படியே பொருத்துதல் இயலாது.

* எழுத்தெண்ணிக்கை, சொற்பிரிப்பு, அகரவரிசை, ஒருவடிவப் பல்குறி, தொடை ஆகிய ஐந்தும் வழக்கமான நிரல் பிழைபடும் இடங்கள். 'பல்' என்பது 'பல' என்றாவதைப்போல், பிழை சரியான சொல்லாகவே தோன்றும் இடங்களில் கூடுதல் விழிப்பு வேண்டும்.

* நிரல், சோதனைச் சொற்பட்டியல், கருவியின் பதிப்பு விவரம் ஆகிய மூன்றையும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்ப்பது வழக்கமாதல் வேண்டும். எண்ணைத் தரும் ஆய்வாளர் அந்த எண் வந்த வழியையும் காட்டக் கடமைப்பட்டவர்.

நிரல் எழுதத் தெரியாத தமிழாய்வாளர் இக்கருவிகளின் முன் தம்மைத் தகுதி குறைந்தவராகக் கருத வேண்டியதில்லை. 'நெஞ்சம்' என்னும் சொல்லுக்கு ஏழு, நான்கு, இரண்டு ஆகிய மூன்று விடைகளும் எப்போது பொருந்தும் என்பதை வரையறுக்கும் அறிவு எழுத்திலக்கணமும் யாப்பிலக்கணமும் கற்றவரிடமே உள்ளது. நிரல்திருத்தி எழுதித் தருவதைச் சோதிக்கும் விடைப்பட்டியலை அவரே வகுக்க முடியும். தமிழ்த்துறையும் கணினித்துறையும் இணைந்து அத்தகைய பட்டியல் ஒன்றை உருவாக்கிப் பொதுவில் வைக்குமாயின், இனி வரும் ஒவ்வொரு நிரல்திருத்தியையும் அதனைக் கொண்டே அளக்கலாம்.